இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வந்தது அவர் தப்பு என்றால் வைத்தியம் பார்க்கக் கூடாதா?

ஆயர் ஈத்தாம் வாசி
வணக்கம். என் தாய்மாமாவுக்கு இனிப்புநீர் முற்றி இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். லோரி ஓட்டியவர், இப்போது வேலை இல்லை. போன வாரம் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது பெரியப்பா மகன் சொல்கிறார், "வாயைக் கட்டாமல் தின்று, தண்ணி அடித்து, தானே வரவழைத்துக்கொண்ட நோய், இதற்கு என் வரிப்பணமா?" மாமா பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார், காதில் விழுந்திருக்கும். அண்ணன் கெட்டவர் இல்லை, நாலு பேருக்கு உதவுகிறவர். அதனால்தான் மனசு கேட்கவில்லை. சண்டை போடாமல் அவரை யோசிக்க வைக்க என்ன சொல்லலாம்?

செந்தூல் அக்கா
தம்பி, நான் கோலாலம்பூரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்தவள். ஒருத்தர் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வந்தார். பையை அவிழ்த்தால் உள்ளே பழைய துணி, மஞ்சள் பத்து, அதுக்கும் கீழே கட்டைவிரல் கறுத்துப்போய் இருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், "லீவு போட்டால் சம்பளம் பிடிப்பாங்க மிஸ்ஸி, அப்புறம் வந்தா நீங்களும் ஏசுவீங்க" என்றார். அந்த இரண்டாவது காரணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளியோடு (ரிங்கிட்டோடு) ஆரம்பத்திலேயே மாத்திரை வாங்கியிருக்க வேண்டியவர், ஏச்சுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்து, கடைசியில் விரலை எடுக்கிற நிலைமையில் வருகிறார். உங்கள் அண்ணனுக்கு வரிப்பணம்தான் கவலை என்றால் இதைச் சொல்லுங்கள்: திட்டித் துரத்தினால் செலவு கூடுமே தவிர குறையாது.

பட்டர்வொர்த்காரன்
எல்லாம் சரி, ஆனால் அந்த அண்ணன் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டண ஆணை 1982-இல் வந்தது, இன்னமும் வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. விடியற்காலையில் நம்பர் எடுத்துவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறோம். 2021 ஜூலையில் கான்ட்ராக்ட் டாக்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பணம் எங்கிருந்து வரும்? பெரிய வீட்டில் இருப்பவரும் அதே ஒரு வெள்ளிதானே கட்டுகிறார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்
பட்டர்வொர்த் அண்ணே, வசதி உள்ளவர் கூடக் கொடுக்கட்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதை வரியில் வாங்க வேண்டும், நோயாளி கவுண்டரில் நிற்கும்போது வாங்கக் கூடாது. 2023-இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையே அரசாங்கம் இதற்கு இன்னும் அதிகம் செலவழிக்க வேண்டும் என்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே மக்கள் கைக்காசுதான். இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறிய வேகத்தில் 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட வேண்டியதாயிற்று. மாதாமாதம் கட்டி வந்தவர்களே கைவிடுகிற நிலை, இதில் லோரி ஓட்டுநர் எங்கே போவார்?

இப்போது "அவர் தப்பு" விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். தப்பு பார்த்து வைத்தியம் என்றால் அதை எங்கே நிறுத்துவது? ஹைவேயில் வேகமாகப் போய் விழுந்தவனுக்குக் கட்டுப் போடக் கூடாது. மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்தவனுக்கு மருந்து இல்லை. உங்கள் அண்ணனுக்கே நாளைக்கு நெஞ்சுவலி வந்தால் டாக்டர் முதலில் அவர் எத்தனை ரொட்டி சானாய் சாப்பிட்டார் என்று விசாரிக்க வேண்டும். மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடையேதான் அதிகம். அவ்வளவு பேரும் ஒழுக்கம் கெட்டவர்களா? பரம்பரை இருக்கிறது, ராத்திரி ஷிஃப்ட் இருக்கிறது, வேலையிடத்துக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியும் வறுத்த மீயும் (நூடுல்ஸும்)தான். நம் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்த மாத்திரைதான் வைத்தியம், அதையும் துரை நினைத்தால்தான் கொடுப்பார்கள். அந்த வம்சத்தில் வந்த நாமே இன்னொருவனைப் பார்த்து உனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு உணவகத்தில் தட்டுக் கழுவும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதையேதான் சொல்வேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருக்கு நம் கட்டணம் கிடையாது, பல மடங்கு கட்ட வேண்டும், பெர்மிட் இல்லாதவர் பிடித்துக் கொடுப்பார்களோ என்று பயந்து வாசல் பக்கமே வருவதில்லை.

இன்னொன்று. உங்கள் மாமா வரி கட்டாதவர் இல்லை. கடையில் வாங்கிய சாமானுக்கெல்லாம் கட்டியிருக்கிறார், அவர் ஓட்டிய லோரியில் வந்த சாமானைத்தான் உங்கள் அண்ணனும் வாங்கியிருக்கிறார்.

ஆயர் ஈத்தாம் வாசி
ரொம்ப நன்றி. லோரி விஷயத்தைக் கட்டாயம் சொல்கிறேன். மாமா இப்போது டயாலிசிஸுக்குப் போகவே தயங்குகிறார், "யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம்" என்கிறார். இதற்கு என்ன செய்வது?

செந்தூல் அக்கா
அதைத்தான் முதலில் பாருங்கள், அண்ணனோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம். டயாலிசிஸ் விட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து. இந்த வாரம் யாராவது ஒருத்தர் கூடப் போய் பக்கத்தில் உட்காருங்கள். லோரி வேலையில் சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) பிடித்திருந்தால் டயாலிசிஸ் செலவுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகநல அதிகாரி இருப்பார், அடையாள அட்டையும் டாக்டர் கடிதமும் கொண்டுபோய் அவரையும் பாருங்கள். குடும்பத்தில் 40 வயசு தாண்டி அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குகிறவர்கள் பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம், இது பரம்பரையிலும் வரக்கூடிய நோய். மாமா அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டார் என்றால் அவரிடம் நேராகவே பேசுங்கள், "நீங்க எங்களுக்கு வேணும் மாமா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.