1746-ல் பிடித்த சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் திருப்பித் தராமல் இருந்திருந்தால்?

பல்லவன்சாலை கேட்டது:

மாற்று வரலாற்றுக் கதை ஒன்றுக்குச் சட்டகம் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

நடந்தது: 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கடல்வழியாக வந்து ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். அக்டோபர் நடுவில் அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் நாசமாயின. 1748 உடன்படிக்கைப்படி மறு வருஷம் சென்னை ஆங்கிலேயர் கைக்கே திரும்பியது.

என் கதையில் அந்தப் புயல் வரவில்லை. கப்பல்கள் தெற்கே போய் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையையும் எடுத்துவிடுகின்றன. சென்னையிலிருந்து தப்பிய கிளைவுக்குப் போக்கிடம் இல்லை. ஆற்காட்டு முற்றுகையும் இல்லை, பிளாசியும் இல்லை. சென்னை இன்னொரு புதுச்சேரியாக, கொஞ்சம் மென்மையான ஆட்சியில் வளர்கிறது.

புயல் ஒன்றை நீக்கினால் இவ்வளவும் நடக்குமா? அந்தக் கடைசி வரி நிற்குமா?

---

கடற்காற்று பதில்:

புயலில் கை வைக்காதீங்க சார். இந்தக் கரையில் புயல் எல்லார் கப்பலையும் உடைத்திருக்கிறது. 1749 ஏப்ரலில் செயின்ட் டேவிட் கோட்டைக்கு எதிரிலேயே ஆங்கில அட்மிரல் போஸ்கவனின் கொடிக்கப்பல் நாமூர் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கியது. அவர் அன்றைக்குக் கரையில் இருந்ததால் பிழைத்தார். 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியைக் கடலில் மறித்து நின்ற ஆங்கிலக் கப்பல்கள் புயலில் சிக்கிச் சிதறின. இருந்தும் சில நாளிலேயே மறிப்பு மறுபடி இறுகியது, அந்த மாத நடுவில் நகரம் சரணடைந்தது. மாற்றுக் கப்பல் வைத்திருந்தவனுக்குப் புயல் ஒரு வார நஷ்டம். இல்லாதவனுக்குப் போரே போச்சு.

லா போர்தொனேயிடம் மாற்று இல்லை. அவருடைய தளம் மொரீஷியஸ். சோழமண்டலக் கரையில் அன்றைக்குத் துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் பீரங்கியும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி மணலில் அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. கரையோரப் படகோட்டிகள் வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டால் எந்த நாட்டு அட்மிரலாலும் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் செயற்கைத் துறைமுக வேலை ஆரம்பித்ததே 1875-க்குப் பிறகுதான், அதையும் 1881 புயல் பெயர்த்துப் போட்டது.

அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பெரிய கப்பல்கள் இந்தக் கரையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். புயலே வராவிட்டாலும் அவர் அக்டோபரில் போயிருப்பார்.

உங்களுக்கு வேண்டிய திருப்பம் புயலுக்கு முந்தைய மூன்று வாரத்தில் இருக்கிறது. செப்டம்பர் 21-ல் கோட்டை விழுந்தது. அங்கிருந்து கடலூர் 180 கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அந்த நாட்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் பேசினார், கிடங்குச் சரக்கைக் கப்பலில் ஏற்றினார், மீதி நேரம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவோடு கடிதத்தில் சண்டை போட்டார். வராகனுக்கு 8 ஷில்லிங் என்று போட்டால் அது 4,40,000 பவுண்டு. டூப்ளேவுக்கு ஊர் வேண்டும், இவருக்குப் பணம் வேண்டும். இந்தத் தகராறு ஒரு வாரத்தில் தீர்ந்ததாக எழுதுங்கள். கப்பல்கள் அக்டோபர் முதல் வாரம் தேவனாம்பட்டினத்துக்கு எதிரில் நிற்கும். வானிலையைத் தொடவே வேண்டாம்.

---

வராகன்கணக்கு பதில்:

மேலே சொன்னதற்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத் தேதிகளைக் கலந்துவிடாதீர்கள். 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டி, பிரெஞ்சுக்காரர் புதியது. இடையில் 11 நாள் வித்தியாசம். கோட்டை சரணடைந்த நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கில ஆவணத்தில் செப்டம்பர் 10. ஒரு அத்தியாயத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்தது, செயின்ட் டேவிட் கோட்டை விழுந்தாலும் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் நிற்குமா? அது இந்தக் கரையில் முடிவான விஷயமே இல்லை. கனடாக் கரையில் லூயிபர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டையை 1745-ல் ஆங்கிலக் குடியேற்றக்காரர்கள் பிடித்திருந்தார்கள். 1748-ல் அதை பிரான்ஸ் திரும்ப வாங்கியது, சென்னையைத் திரும்பக் கொடுத்தது. ஆகவே 1745-ல் அந்த முற்றுகை தோற்றதாக வைத்தால், பேச்சுவார்த்தை மேஜையில் லண்டனுக்குப் பண்டமாற்றுச் சரக்கு ஒன்று குறையும். சென்னைக் கதைக்கு முதல் அத்தியாயம் கனடாவில் என்றால் வாசகர் முழிப்பார், ஆனால் அதுதான் நேர்மையான இடம்.

பிளாசியை ஒரே வரியில் அழித்ததுதான் பெரிய ஓட்டை. கிளைவ் போனால் வேறு ஒருவர் வருவார். வங்காளத்தில் நவாபுக்கும் பெரிய வட்டிக்கடைக் குடும்பமான ஜகத் சேட் வீட்டுக்கும் இருந்த பகை கிளைவால் வந்ததல்ல. நீங்கள் மாற்ற வேண்டியது பணம் ஓடும் திசை. 1757-க்குப் பிறகு வங்காளப் பணம் தெற்கே போருக்கு வந்தது. அதே நேரத்தில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி என்ன செய்தார் பாருங்கள். 1758-ல் படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், ஒரு பழைய கடன்பத்திரத்தைக் காட்டித் தஞ்சாவூர் ராஜாவிடம் வசூலுக்குப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தலை காட்டியதும் விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்த அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காக அவருடைய ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். மூன்றே மாதத்தில், 1760 ஜனவரியில், வந்தவாசியில் தோற்றார்.

வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர் 1757 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போகாமல் இருக்க உங்கள் கதையில் ஒரு காரணம் இருக்கிறதா? இல்லையென்றால் 1760 அப்படியேதான் வரும்.

---

பேட்டைவாசி பதில்:

"கொஞ்சம் மென்மையான ஆட்சி" என்ற வரியை வெட்டிவிடுங்கள் நண்பரே. மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் பார்த்து வருகிற எண்ணம் அது. டூப்ளே காலத்துப் புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761-ல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படமெடுக்கும் தெருக்கள் 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு கட்டியவை.

1763 பாரிஸ் உடன்படிக்கை வங்காளத்தில் பிரெஞ்சுப் படையே வைக்கக்கூடாது என்று கட்டிப்போட்டது. சுற்றிலும் ஆங்கில நிலம், நடுவில் ஐந்து துண்டு ஊர்கள். அடக்குவதற்குப் பரப்பே இல்லாத இடத்தில் மென்மையை எப்படி அளப்பது? பரப்பு கிடைத்த இடங்களைப் பாருங்கள்: செயின்ட் டொமிங்கின் (இன்றைய ஹெய்ட்டி) கரும்புத் தோட்டங்கள், 1830-க்குப் பிந்தைய அல்ஜீரியா, இந்தோசீனா. இந்தக் கரையிலிருந்தே மொரீஷியஸுக்கும் ரெயூனியனுக்கும் ஆட்களை முதலில் அடிமைகளாகவும் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகவும் ஏற்றினார்கள். ஆங்கிலேயரும் ஏற்றினார்கள், அதில் இருவருக்கும் பாகுபாடு இல்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே ஆள் அனுப்பினார்களே என்று அடுத்த பதில் வரும். உண்மைதான், 1870-களிலிருந்து அனுப்பினார்கள். ஆனால் உள்ளூர்ச் சபைத் தேர்தலில் ஒரு கைப்பிடி ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், மற்ற எல்லாருக்கும் தனிப் பட்டியல்.

---

பல்லவன்சாலை:

மென்மை போச்சு, வெட்டிவிட்டேன். மூன்று வாரத் தகராறும் லூயிபர்க்கும் பிடித்திருக்கிறது. அப்படியானால் அதே 1746-ல் ஆற்காட்டு நவாப் படையோடு பிரெஞ்சுக்காரர் போட்ட அடையாற்றுச் சண்டை? பத்தாயிரம் பேரை ஆயிரம் பேர் விரட்டினார்கள் என்பதுதானே ஐரோப்பியர் வெல்வது நிச்சயம் என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுகிறது?

---

கடற்காற்று:

அதைச் சொல்பவர்கள் அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி யார் என்று சொல்வதில்லை. பாரதியோடு வந்தவர்களில் கூடுதல் பேர் இந்தியச் சிப்பாய்கள். மன்னிக்கவும், பாரதி இல்லை, பிரெஞ்சுப் படையை நடத்திய பாராதி. கைபேசி தானாகத் திருத்துகிறது. நவாப் மகன் மாபூஸ்கானின் படை முகத்துவாரத்துக்கு வடகரையில் நின்றது. பாராதியின் ஆட்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசை குலையாமல் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு ஏறினார்கள். மாபூஸ்கானிடம் பீரங்கி இருந்தது. ஒரு முறை சுட்டு மறுபடி நிரப்ப நேரம் அதிகம் பிடித்தது. சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கிய கூட்டம் நெரிசலில் மாட்டியது.

அங்கே ஜெயித்தது பயிற்சியும் ஒழுங்காக வந்த சம்பளமும். இரண்டையும் யாரும் நகலெடுக்கலாம், எடுத்தார்கள். ஆங்கிலேயர் 1746 அடிக்குப் பிறகுதான் கடலூரில் சிப்பாய்ப் படையை ஒழுங்காகத் திரட்ட ஆரம்பித்தார்கள். ஹைதர் அலி 1769-ல் சென்னை வாசலுக்கே வந்து உடன்படிக்கை எழுதி வாங்கினார். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை ராக்கெட்டோடு முடித்தார்.

என்னைக் கேட்டால் கதையை 1746-லிருந்து 1782-க்கு நகர்த்திவிடுவேன். பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் கடலில், ஹைதர் கரையில், திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கையில். மொரீஷியஸுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஒரே வருஷம் அது. டிசம்பரில் ஹைதர் இறக்காமல் இருந்தால் போதும்.

---

வராகன்கணக்கு:

அதுவும் 1783-ல் ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி வந்து சேரும்வரைதான். கடிதம் கப்பலில் வர ஆறு மாதம் ஆகும் என்று வைத்து எழுதுங்கள், சண்டை முடிந்தது தெரியாமலே சண்டை போடுகிற அத்தியாயம் ஒன்று கிடைக்கும்.

---

பேட்டைவாசி:

1746-லேயே வைப்பதாக இருந்தால் வரைபடத்தைச் சரிபாருங்கள். உங்கள் ஆட்கள் கோட்டைக்கு வடக்கே போனால் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் நெருக்கமான வீடுகளும் கடைகளும் இருக்க வேண்டும். பழைய கருப்பர் நகரம் அங்கேதான். அதில் ஒரு பகுதியை பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள், லாலி முற்றுகைக்குப் பிறகு பீரங்கிக்கு மறைப்பில்லாத வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர் மிச்சத்தை அகற்றினார்கள். முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் அதற்கு வெளியே. சாந்தோம் ஆங்கிலேயருடையது அல்ல, 1749-ல்தான் எடுத்தார்கள். சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றைக் கடக்கப் பாலம் உண்டு: ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726-ல் கட்டியது. அவர் புதிய ஆட்சிக்குப் பணியாததால் சொத்தைப் பறிகொடுத்தவர், உங்கள் கதைக்கு நல்ல பாத்திரம்.