கரண்ட் போய் விண்டோஸ் கெட்டது, பர்மிஷனைக் கெடுத்தது நான்

நண்பர்களே, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் மழையில் கரண்ட் போனபோது விண்டோஸ் 10 அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. அதிலிருந்து ஸ்டார்ட் மெனு திறப்பதில்லை. பச்சைத் தேயிலைக் கணக்கு முழுக்க இதில்தான்.

விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கமாண்டை ஓட்டினேன். 100 சதவீதம் வந்த பிறகு, கெட்டுப்போன ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. அப்புறம், கெட்ட ஃபைல்களுக்கு நல்ல பிரதியை நெட்டிலிருந்து எடுத்துப் போடும் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த் (DISM /RestoreHealth) கமாண்ட். 62.3 சதவீதத்தில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, சோர்ஸ் ஃபைல் கிடைக்கவில்லை என்று கைவிரித்தது. இங்கே சிக்னல் ஒரு கோடுதான், மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஏதோ வீடியோவைப் பார்த்து, ஃபைலின் ஓனரை மாற்றும் டேக்ஓன் (takeown) கமாண்டைப் போட்டு, விண்டோஸின் முக்கிய ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டர் முழுவதற்கும் ஓனரை டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கிலிருந்து என் பெயருக்கு மாற்றி, எவ்ரிஒன்னுக்கு (எல்லா யூசருக்கும்) ஃபுல் கன்ட்ரோலும் கொடுத்துத் தொலைத்தேன். இப்போது பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரும் ஆரம்பிப்பதில்லை.

ஊட்டி போய் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தால், அதிலுள்ள, விண்டோஸ் ஃபைல்கள் அடங்கிய இன்ஸ்டால் விம் (install.wim) ஃபைலை சோர்ஸாகக் காட்டி, விண்டோஸ் அப்டேட்டைத் தேடிப் போகாதே என்று சொல்லும் லிமிட்அக்சஸ் (/LimitAccess) சேர்த்து, நெட் இல்லாமலே டிஸ்மை முடிக்கலாமா? ஐஎஸ்ஓவின் பில்ட் எண் (விண்டோஸ் பதிப்பு எண்) என் விண்டோஸோடு அப்படியே ஒத்துப்போக வேண்டுமா? பர்மிஷனை மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கமாண்டில் ரீசெட் போட்டால் மேல் ஃபோல்டரின் அனுமதிதான் கீழே இறங்கும், பழைய பர்மிஷன் திரும்பாது என்று படித்தேன், அதனால் தொடவில்லை. இல்லை, அதே ஐஎஸ்ஓவில் செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொண்டு மேலேயே இன்ஸ்டால் செய்தால் பர்மிஷனும் சேர்ந்து சரியாகுமா?

கணக்கு ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டேன். ஃபார்மேட் பண்ணு என்று மட்டும் சொல்லாதீர்கள், கணக்கு சாஃப்ட்வேரின் சிடி தொலைந்துபோய் வருஷமாகிறது.