மெட்ராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய போர் விமானங்கள்: ஹெண்டன் அருங்காட்சியகக் காப்பகத்தில் எதைக் கேட்பது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் பட்டா நகல்களுக்கும் கிஸ்தி ரசீதுகளுக்கும் நடுவே, இரண்டாம் உலகப் போரின்போது அவர் யுத்த நிதிக்குப் பத்து ரூபாய் செலுத்தியதற்கான சிறு சீட்டு ஒன்று அண்மையில் கிடைத்தது. "நம்ம ஜில்லாக்காரங்க காசுல ஏரோப்ளேன் வாங்கி, அதுக்கு மெட்ராஸ்னு பேரு வச்சாங்க" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கதை என்றே இதுவரை நினைத்திருந்தேன். இப்போது தேடிப் பார்த்தால், பிரிட்டனின் ராயல் விமானப்படையில் 264ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) உண்மையிலேயே 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கியிருந்ததும், 1940இல் அது போல்டன் பால் டிஃபையன்ட் விமானங்களை ஓட்டியதும் தெரியவருகிறது.

லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் விமானங்களோடு ஒரு நூலகமும் ஆவணக் காப்பகமும் இருப்பதாக அறிகிறேன். எங்கள் மாவட்டத்துப் பணத்தில் வாங்கிய விமானத்தை அங்கே கண்டுபிடிக்க முடியுமா? எந்தக் காகிதத்தை, என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்? லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் சிலர் குறிப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழந்தாள்

வைகைக்கரை அவர்களுக்கு, பாட்டி சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் தேடலைத் தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1940இல் பிரிட்டனில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று பெயரளவுக்கு ஒரு விலை வைத்து நன்கொடை திரட்டினார்கள். உண்மைச் செலவு அதைவிட அதிகம். அந்தத் தொகையைத் தந்த ஊர் அல்லது சங்கத்தின் பெயர் ஒரு விமானத்தின் உடற்பகுதியில் எழுதப்பட்டது. பெருந்தொகை தந்த நாடு அல்லது மாகாணத்தின் பெயரோ ஒரு முழு ஸ்குவாட்ரனுக்கே சூட்டப்பட்டது. மெட்ராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கியவை 35, 79, 234, 264 ஆகிய நான்கு ஸ்குவாட்ரன்கள். 102ஆம் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் இலங்கையின் பெயரைத் தாங்கியது. ஆகவே, தாத்தாவின் பத்து ரூபாய் எந்த விமானத்துக்குப் போனது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. அந்தப் பெயரின் கீழ் பறந்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரத்தான் முடியும்.

அதற்கு ஹெண்டனில் நீங்கள் கேட்க வேண்டியது 'படிவம் 78' எனப்படும் விமான நகர்வு அட்டை. விமானத்தின் வரிசை எண், அது படையின் கணக்கில் சேர்ந்த நாள், எந்தெந்தப் பிரிவுக்கு எந்தெந்த நாளில் மாற்றப்பட்டது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது ஆகியவை அதில் வரிவரியாக இருக்கும். எல்லாம் சுருக்கக் குறியீடுகளே. 'எம்யூ' என்றால் பராமரிப்புக் கிடங்கு. 'எஃப்ஏ' என்றால் பறக்கும்போது நேர்ந்த விபத்து. 'எஃப்பி' என்றால் போரில் பட்ட அடி. சேத வகை 'இ' என்று இருந்தால் அந்த விமானத்தின் கதை அத்தோடு முடிந்தது என்று பொருள். எழுதிய குமாஸ்தாக்கள் இடத்தை மிச்சப்படுத்தி எழுதியிருப்பதால், முதல் அட்டையைப் படிக்க ஒரு மணி நேரம் ஆனாலும் மனம் தளர வேண்டாம். பத்தாவது அட்டை தானாகவே பேசும்.

ஆனால் அந்த அட்டையில் மனிதர்கள் இல்லை. ஓட்டியவர் யார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், திரும்பினாரா என்பதற்கு நீங்கள் கியூவுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் எழுதி வந்த செயற்பாட்டுப் பதிவேடுகள் அங்கே 'ஏர் 27' என்ற வரிசையில் உள்ளன. அவற்றில் படிவம் 540 அன்றாட நிகழ்ச்சிச் சுருக்கம். படிவம் 541இல் விமானத்தின் எண், விமானியின் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் இருக்கும். எடுத்துக்காட்டாக, 264ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் பிலிப் ஹண்டர் 24.8.1940 அன்று என்1535 என்ற டிஃபையன்ட்டில் எதிரி விமானம் ஒன்றைக் கடல்மேல் துரத்திச் சென்றார். அவரும் அவருடைய துப்பாக்கி வீரரும் திரும்பவே இல்லை. அந்த விமானம் ஹெண்டன் அட்டைகளில் ஓர் எண். அந்த இருவரோ கியூவில் உள்ள ஏட்டில் இருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் வரலாறு கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஏட்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 29.5.1940 அன்று பிரான்சின் டன்கிர்க் துறைமுக வானில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அதே ஸ்குவாட்ரன் கணக்குக் கொடுத்தது. பின்னாளில் ஜெர்மானிய இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அதில் பாதிகூடத் தேறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. டிஃபையன்ட்டில் விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள் இருந்தன. அணியாகப் பறந்த பல கூண்டுகள் ஒரே இலக்கைச் சுட்டு வீழ்த்தியபோது, ஒவ்வொருவரும் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஏட்டுச்சுவடு

பழந்தாள் அவர்கள் ஆவணங்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் நூலகப் பணியில் இருந்தவன். ஆகவே நூலகப் பக்கம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஹெண்டன் நூலகத்தில் கிடைக்கும் அரிய பொருள், கடையில் விற்ற புத்தகங்கள் அல்ல. 'ஏர் பப்ளிகேஷன்' எனப்படும் படையின் சொந்தக் கையேடுகள்தான். ஸ்பிட்ஃபயருக்கு ஏ.பி. 1565 என்பதுபோல ஒவ்வொரு வகை விமானத்துக்கும் ஓர் எண் உண்டு. விமானத்தில் மாற்றம் வரும்போதெல்லாம் திருத்தப் பட்டியல் ஒன்று வரும். பழைய தாளை உருவி எறிந்துவிட்டுப் புதிய தாளைச் செருக வேண்டும், அல்லது வரியின்மேல் சிறு சீட்டை ஒட்ட வேண்டும். செய்து முடித்ததும் முன்பக்கக் கட்டத்தில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். ஒழுங்காகப் பராமரித்த பிரதியில் 1940ஆம் ஆண்டின் நிலை அழிந்து, கடைசித் திருத்தத்தின் நிலை மட்டுமே எஞ்சியிருக்கும். யாரோ ஒருவர் சோம்பலால் திருத்தாமல் விட்ட பிரதிதான் இன்று நமக்குப் பொக்கிஷம். ஆகவே கையேட்டைக் கேட்கும்போது எந்தத் திருத்தம் வரை சேர்ந்த பிரதி என்று தவறாமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ரசீதைத் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், விமானப்படையில் இருந்த பெரியவரின் பறப்புப் பதிவேட்டைப் பத்திரப்படுத்தும் நல்லெண்ணத்தில் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டிவிட்டார்கள். மை பரவி, பின்பக்கத்தில் இருந்த பென்சில் குறிப்புகள் மங்கிப்போயின. அதை இனிப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. அமிலமற்ற தாளுக்குள் மடிக்காமல் வைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தாலே போதும். அதே பெட்டியில் நீல அச்சு வரைபடம் ஏதாவது இருந்தால் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். சுண்ணச் சத்து சேர்த்த காப்புத் தாள் மற்ற காகிதங்களுக்கு நல்லது. நீல அச்சையோ வெளுக்கச் செய்துவிடும்.

வைகைக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உண்மையைச் சொன்னால், லேமினேட் கடைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். இப்போது திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம். 79ஆம் ஸ்குவாட்ரன் 1942இல் இந்தியாவுக்கே வந்து, ஹரிக்கேன் விமானங்களோடு பர்மா முனையில் போரிட்டதாகப் படித்தேன். மெட்ராஸ் பெயரோடு இந்த மண்ணுக்கு வந்த அந்த விமானங்களையும் இதே அட்டைகளில் தொடர முடியுமா?

பழந்தாள்

அங்கேதான் அட்டை கைவிடும். கப்பலேறும் வரை ஒழுங்காக இருக்கும் பதிவு, 'இந்தியா' என்ற சொல்லோடும் ஒரு தேதியோடும் பெரும்பாலும் நின்றுவிடும்; அதன்பின் பல ஆண்டு கழித்துக் கணக்கிலிருந்து நீக்கிய குறிப்பு மட்டுமே இருக்கும். ஆகவே 79ஐப் பொறுத்தவரை வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கியூவின் ஏர் 27இல் அந்த ஸ்குவாட்ரனின் படிவம் 541 பக்கங்களைப் பெற்று, அவற்றில் வரும் விமான எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு ஹெண்டனுக்கு எழுதுங்கள். "மெட்ராஸ் விமானம்" என்று கேட்டால் அவர்களால் எடுத்துத் தர இயலாது. எண்ணைச் சொன்னால் எந்த அட்டையைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். போர் சாராத விபத்தில் சிக்கிய விமானமாக இருந்தால், 'படிவம் 1180' எனப்படும் விபத்து அட்டையையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த இடமும் காரணமும் அதில் இருக்கும். பட்டியல் தயாரானதும் இங்கே பதிவிட்டால், சுருக்கக் குறியீடுகளை விரிக்க நானும் உடன் அமர்கிறேன்.