முக்கும்போது ஒரு ஸ்கேனில் 14 மி.மீ., இன்னொன்றில் 27: எதை நம்புவது?

நிலாமகள்:
எனக்கு முதல் பிரசவம், ஃபோர்செப்ஸ் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். குழந்தைக்கு இப்போது பத்து மாதம். தும்மினாலே சிறுநீர் கசிகிறது. சாயங்காலம் ஆக ஆக கீழே ஏதோ இறங்கி நிற்கிற மாதிரி கனம் வேறு. பெரினியத்தில் (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள பகுதி) வைத்து எடுக்கும் இடுப்புத்தள அல்ட்ராசவுண்டை இரண்டு இடங்களில் எடுத்தேன். முக்கும்போது சிறுநீர்ப்பைக் கழுத்து (சிறுநீர்ப்பை சிறுநீர்க்குழாயோடு சேரும் இடம்) 14 மி.மீ. இறங்குகிறது, தசை நன்றாக இருக்கிறது என்கிறது முதல் அறிக்கை. இரண்டாவதில் 27 மி.மீ., கூடவே வலது பக்க லெவேட்டர் தசை (இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் தசை) எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. ஆபரேஷன் வரை பேச்சு போய்விட்டது. ஆளுக்கொரு கணக்கு சொல்லும் ஸ்கேனை வைத்து எப்படி முடிவெடுப்பது? எம்ஆர்ஐ எடுத்தால் தெளிவாகிவிடுமா?

கருப்புவெள்ளைத்திரை:
நான் தினமும் எடுக்கிற ஸ்கேன் இது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இந்த மில்லிமீட்டர் கணக்கு பூப்பெலும்பு இணைப்பின் (இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்புகளும் சேரும் இடம்) கீழ்ப்பின் ஓரத்திலிருந்து அளப்பது. அந்த ஓரம் திரையில் தெளிவாகத் தெரியும், அளப்பதில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது சரியாக இறங்காது. ப்ரோபை (உடலில் வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்திப் பிடித்தால், இறங்க வேண்டியதை நாமே தடுத்துவிடுவோம். எல்லாவற்றையும்விட முக்கியம், முக்குகிற விதம். பல பெண்கள், அதிலும் முதல் பிரசவம் ஆனவர்கள், முக்கச் சொன்னால் பயத்தில் கீழ்த்தசையை இறுக்கிவிடுவார்கள். எலும்புக்கும் லெவேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகல வேண்டியது, அந்த நேரத்தில் சுருங்கும். அதைக் கவனிக்காமல் அளந்தால் எண் சின்னதாகத்தான் வரும். அதனால்தான் ஐந்தாறு நொடி தொடர்ந்து முக்க வைத்து, மூன்று முறையாவது எடுத்து, நன்றாக இறங்கியதை வைத்துக்கொள்கிறோம்.

பதிவு செய்த ஒரே படத்தைப் பயிற்சி பெற்ற இரண்டு பேரிடம் கொடுத்தால் அளவுகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரே பெண்ணை இரண்டு பேர் தனித்தனியாக ஸ்கேன் செய்தால் வித்தியாசம் கூடும். 'நம்பகமானது' என்று ஒரு ஆய்வு சொன்னால், இதில் எதைச் சோதித்தார்கள் என்று நான் முதலில் பார்ப்பேன்.

தசை பிய்ந்திருப்பது வேறு விஷயம். தசையை இறுக்கச் சொல்லி 3டி படம் எடுத்து, 2.5 மி.மீ. இடைவெளியில் துண்டு துண்டாகப் பார்ப்போம். நடுவில் உள்ள மூன்று துண்டுகளிலும் தசை எலும்பைவிட்டு விலகியிருந்தால்தான் முழுதாகப் பிய்ந்தது என்போம். உங்கள் முதல் ஸ்கேன் வெறும் 2டியா? எம்ஆர்ஐயிலும் தசை தெரியும். ஆனால் இறக்கத்தைப் பார்க்க அங்கேயும் நீங்கள்தான் முக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் படுத்தபடி.

நிலாமகள்:
ஆமாம், முதலில் எடுத்தது 2டி மட்டும்தான். சிறுநீர் போய்விட்டு வரச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவைதான் முக்கினேன், அதுவும் கசிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் பாதி. இரண்டாவது இடத்தில் இருந்த அக்கா திரையை என் பக்கம் திருப்பி, "இதோ பாருங்க, இந்தக் கருப்பு, சிறுநீர்ப்பை, கீழே வரணும்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார்.

தசைப்பயிற்சி அக்கா:
தங்கச்சி, கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. முக்கும்போது கசிவது எங்களுக்குத் தினமும் பார்க்கிற விஷயம், கசிந்தால் அதுவும் ஒரு தகவல்தான். நான் பிசியோதெரபிஸ்ட். தும்மும்போது கசிவதற்கு முதல் சிகிச்சை இடுப்புத்தளப் பயிற்சிதான், சொல்லிக்கொடுக்க ஆள் வைத்து குறைந்தது மூன்று மாதம். அதைச் செய்தீர்களா? ஒரு பக்கம் பிய்ந்திருந்தாலும் மீதித் தசை வேலை செய்யும்.

கருப்புவெள்ளைத்திரை:
அப்படியென்றால் நான் இரண்டாவது அறிக்கையைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் 27 என்ற எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 25க்கு மேல் போனால் அதிகம் என்று வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இன்னொரு நாள் எடுத்தால் 24 வரலாம். பிய்ந்த தசை அப்படி நாளுக்கு நாள் மாறாது. அது உண்மை என்றால், இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த பிறகும் மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம், அதனால் கத்தி வைப்பதற்கு முன்னால் உறுதி செய்தே ஆக வேண்டும். சேமித்து வைத்திருக்கும் 3டி பதிவைக் கேட்டு வாங்குங்கள். வேறு ஒருவர் அதே பதிவைப் பார்த்துச் சொல்லலாம், நீங்கள் மறுபடி படுக்க வேண்டியதில்லை. முக்கும்போது லெவேட்டர் இடைவெளியின் பரப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள், 25 சதுர செ.மீ.க்கு மேல் இருந்தால் விரிவு அதிகம். அப்புறம் அந்தப் பதிவோடு போய், டாக்டர் கையால் பரிசோதித்து எந்த அளவு இறக்கம் என்று சொல்லட்டும்.