செர்மாட்: ஊர் எல்லை வரை காரை விடலாமா, ரயில் நிலையம் ஒன்றே போதுமா?

பெட்டிதூக்கி:
சுவிட்சர்லாந்தின் மலையூர் செர்மாட் பற்றிய பயணக் கட்டுரை எதைத் திறந்தாலும் "கார் இல்லாத ஊர், ரயிலில் போய் இறங்குவதே தனி சுகம்" என்றுதான் இருக்கிறது. எனக்கு அந்த சுகம் கிடைக்கவில்லை. வயதான அப்பா அம்மாவையும் பெட்டிகளையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனால், டேஷ் என்ற கிராமத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து செர்மாட் வெறும் 5 கிலோமீட்டர். சாலையும் இருக்கிறது! ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கும் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். நாம் காரை நிறுத்த ஒரு காசு, பன்னிரண்டு நிமிட ரயிலுக்கு ஆளுக்கொரு காசு, இறங்கினால் பேட்டரி டாக்ஸிக்கு ஒரு காசு. விடுதி வண்டி வரும் என்று சொன்னார்கள், வரவில்லை, அது வேறு கதை. ஊருக்குள் கார் வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். எல்லை வரை விட்டால் என்ன குடி முழுகிவிடும்? ஒரே வாசலை வைத்துக்கொண்டு வருகிறவனிடமெல்லாம் சுங்கம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பல்சக்கரம்:
சுங்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வாசல் நேற்று யாரோ காசு பார்க்க வைத்தது இல்லை. 1865-ல் ஊருக்கு மேலே நிற்கும் மேட்டர்ஹார்ன் மலையின் உச்சியை முதன்முதலாகத் தொட்டார்கள், ஏழு பேரில் நான்கு பேர் இறங்கும்போது விழுந்து செத்தார்கள், அந்தச் செய்தியால்தான் செர்மாட் பெயரே ஐரோப்பா முழுக்கப் பரவியது. அப்போது அங்கே போக நடை, இல்லாவிட்டால் கோவேறு கழுதை. 1891-ல்தான் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் விஸ்ப் ஊரிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் வந்தது. மிகச் செங்குத்தான இடங்களில் எட்டுக்கு ஒன்று ஏற்றம், அங்கே மட்டும் ஆப்ட் முறைப்படி, தண்டவாளத்துக்கு நடுவில் பதித்த பல்தண்டைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும். நம்ம மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையும் அதே மீட்டர் கேஜ், அதே ஆப்ட் முறைதான், அதன் நீராவி எஞ்சின்களில் பல சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை (நீலகிரியில் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்றுதான், ஆனாலும் நமக்கு அதுவே பெரிது). செர்மாட் ரயில் ஆரம்பத்தில் கோடையில் மட்டும்தான் ஓடியது. பனிச்சரிவு விழும் இடங்களில் கூரை கட்டி, 1930-களில்தான் வருடம் முழுக்க ஓட ஆரம்பித்தது. நிலையத்துக்கு எதிரிலேயே கோர்னர்கிராட் மலைமுகட்டுக்குப் போகும் ரயில், 1898-லிருந்து மின்சாரத்திலேயே 1,605 மீட்டரிலிருந்து 3,089 மீட்டருக்கு ஏறுகிறது. முக்கியத் தெருவுக்குப் பெயரே ரயிலடித் தெரு. ரயில் நிலையத்தை வைத்து வளர்ந்த ஊர் ஐயா அது, கார் நிறுத்தத்தை வைத்து வளர்ந்தது இல்லை.

பெட்டிதூக்கி:
வரலாறு நன்றாக இருக்கிறது, என் கேள்விக்குப் பதில் எங்கே? பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாஸ்-ஃபே இருக்கிறது. அங்கேயும் ஊருக்குள் கார் கிடையாது. ஆனால் ஊர் வாசலிலேயே பெரிய கார் நிறுத்தம், அது வரை நம் காரிலேயே போகலாம். அங்கே காற்று கெட்டுவிட்டதா, பனி கறுத்துவிட்டதா? அங்கே முடிவது செர்மாட்டில் ஏன் முடியாது என்று யாராவது சொல்லுங்கள். கழுதைக் கதை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சாஸ்-ஃபே உதாரணம் சரியான அடி. அதோடு இன்னொன்றும் சொல்கிறேன், "கார் இல்லாத ஊர்" என்பதே பாதிதான் உண்மை. கார்கள் எங்கேயும் போய்விடவில்லை, டேஷில் நிற்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு ரயில் நிலையத்தோடு ஒட்டி இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் புகையோடுதான் ஏறி வருகிறோம், கடைசி 5 கிலோமீட்டருக்கு மட்டும் புனிதம். செர்மாட் சுத்தமாக இருப்பதற்கு டேஷ்காரன் விலை கொடுக்கிறான். உள்ளே மட்டும் என்ன? தகரப் பெட்டி மாதிரி பேட்டரி வண்டிகள் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும், அந்தக் குறுகிய தெருவில் நாம்தான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பேர்ன்வாசி:
தம்பிமார், நான் பேர்னில் இருக்கிறேன், முந்தி செர்மாட்டில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்தவன். நீங்கள் எல்லாரும் சுற்றுலா வருகிறவரின் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ரயிலில் காலையில் ஏறிப் பாருங்கள், பெட்டியோடு நிற்பவர்களைவிட வேலைக்குப் போகிறவர்கள்தான் கூட. மேலே வாடகை கட்டுப்படியாகாது, அதனால் டேஷிலும் இன்னும் கீழே சென்ட் நிக்கலாஸிலும் இருந்துகொண்டு ஏறி இறங்குகிற சனம், போர்த்துக்கீசர் நிறையப் பேர், எங்கட ஆட்களும் உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒரு கோச்சி (ரயில்) வருவது அவர்களுக்குச் சோறு. சாலையைத் திறந்துவிட்டால் அந்த ரயிலில் பாதிக் கூட்டம் குறையும், பிறகு இருபது நிமிடம் நாற்பதாகும், அதை யார் கேட்கப் போகிறார்கள்?

பெட்டிக்கும் வழி இருக்கிறது. டேஷ் தரிப்பிடத்தில் காரிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தால், வண்டியை அப்படியே ரயிலுக்குள் உருட்டலாம். நிலைய மேடையும் ரயில் பெட்டியின் தளமும் ஒரே மட்டம், படி இல்லை. செர்மாட்டில் அதே வண்டியோடு வெளியில் வரலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிட லேசாக எங்கே இருக்கிறது? சாஸ்-ஃபே சின்ன ஊர், அதை இதோடு வைத்துப் பார்க்க முடியாது.

பெட்டிதூக்கி:
தள்ளுவண்டி எல்லாம் பார்த்தேன் அண்ணா, நான் போன நேரம் ஒன்றும் காலியாக இல்லை. சரி, வசதியை விடுங்கள், ஆபத்து நேரத்தில் என்ன செய்வீர்கள்? 2018 ஜனவரியில் கடும் பனியால் ஏறக்குறைய 13,000 சுற்றுலாக்காரர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள், ரயில் நின்றுபோய் ஹெலிகாப்டரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். ஒரே ரயில் நிலையத்தை நம்பினால் இதுதான் கதி.

பல்சக்கரம்:
இங்கேதான் உங்கள் வாதம் உடைகிறது. அன்றைக்கு மூடியது ரயில் மட்டுமா? சாலையும்தானே! இரண்டும் ஒரே இடுக்கில், ஒரே பனிச்சரிவுப் பாதைகளுக்குக் கீழே போகின்றன. அதே நாட்களில் உங்கள் சாஸ் பள்ளத்தாக்கும் துண்டிக்கப்பட்டது, அங்கே ரயிலே கிடையாது. இன்னும் பின்னால் போங்கள், 1991 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இதே பள்ளத்தாக்கில் ராண்டா கிராமத்தில் மலையே இடிந்து விழுந்தது, சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை. நல்லவேளை மனித உயிர் ஒன்றும் போகவில்லை. தண்டவாளமும் புதைந்தது, சாலையும் அடிபட்டது, ஆற்றை மறித்து வெள்ளம் வேறு. பிறகு ரயில் பாதையையே தள்ளிப் போட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் சாலையை ரயிலுக்கு மாற்றாக நினைப்பது வீண். சாலையைத் திறந்திருந்தால் 2018-ல் அந்த 13,000 பேரோடு அவர்களுடைய கார்களும் பனிக்குள் நின்றிருக்கும்.

இன்னொன்று, காரை எடுத்தது நீங்களாகத் தேடிக்கொண்டது. 2007-ல் லோட்ஷ்பெர்க் அடிமட்ட ரயில் சுரங்கம், 34.6 கிலோமீட்டர், திறந்த பிறகு பேர்னிலிருந்து விஸ்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விஸ்பில் மாறினால் இன்னொரு ஒரு மணி சொச்சத்தில் செர்மாட். டேஷில் இறங்கவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சுரங்கம் சரி, கட்டணம்? அரைக் கட்டண அட்டை இல்லாதவன் அந்த வழியில் குடும்பத்தோடு போனால் கார் வாடகையே தேவலாம் என்று தோன்றும். இதைத்தான் பெட்டிதூக்கி முதலிலிருந்து சொல்கிறார். நீங்கள் கேஜும் பல்சக்கரமும் சொல்லி நழுவுகிறீர்கள். கடைசி 5 கிலோமீட்டரையாவது கார் நிறுத்தக் கட்டணத்தோடு சேர்த்துவிடட்டும், பாதி சண்டை தீர்ந்துவிடும்.

பேர்ன்வாசி:
அதற்கு நானும் கை தூக்குவேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சுவிஸ் பயணப் பாஸ் எடுத்தால் செர்மாட் வரைக்கும் அதிலேயே போகலாம், கோர்னர்கிராட்டுக்குப் பாதிக் காசு. தம்பி, அடுத்த முறை பெட்டியை ஏறுகிற ரயில் நிலையத்திலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், ஊருக்கு அனுப்பி வைப்பார்கள், வெறுங்கையோடு வந்து இறங்கலாம்.

பெட்டிதூக்கி:
அதற்கும் தனிக் காசுதானே?

பேர்ன்வாசி:
ஓம்.