பேரலலாக ஓட்டினால் மட்டும் விழும் டெஸ்ட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி, பேக்எண்ட்

எல்லாருக்கும் வணக்கம். பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் ஃபேக்டரிகளுக்கான மென்பொருளில் வேலை செய்கிறேன். விவசாயி மூட்டையை இறக்குவார், எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, ரசீது கொடுப்போம். கேட்க எளிது. மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களோ வரிசையாக ஓடி முடிய ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் இங்கே நெட்டை நம்பி சிஐ-க்கு (டெஸ்ட்களை ஓட்டித் தரும் வெளி சர்வர்) அனுப்பிவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. அதனால் லேப்டாப்பிலேயே பைடெஸ்ட்-எக்ஸ்டிஸ்ட் (பைத்தான் டெஸ்ட்களை ஒரே நேரத்தில் பலவாக ஓட்டும் கருவி) போட்டு, இருக்கும் கோர்கள் அனைத்திலும் ஓட விட்டோம். நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு டெஸ்ட் விழுந்தது.

முதலில் செய்தது, விழுந்த டெஸ்டை அது ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. தனியாக ஓடியும் விழுந்தால் பேரலல் மேல் பழி போட வேண்டாம். முன்னால் ஓடிய வேறொரு டெஸ்ட் விட்டுப்போன தரவை வைத்துத்தான் அது இவ்வளவு காலம் பாஸ் ஆகியிருக்கிறது. எக்ஸ்டிஸ்ட் இரண்டையும் வேறு வேறு வொர்க்கருக்கு (டெஸ்ட்களைப் பங்குபோட்டு ஓட்டுபவை) பிரித்துக் கொடுத்ததும் சாயம் வெளுத்துவிட்டது. எங்களிடம் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ரகம். தனியாக ஓடினால் பாஸ், கூட்டத்தோடு ஓடினால் ஃபெயில் என்றால்தான் நிஜமான மோதல். எக்ஸ்டிஸ்ட் வொர்க்கர்கள் தனித்தனி ப்ராசஸ்கள் (நினைவகத்தைப் பகிராமல் ஓடுபவை) என்பதால் குளோபல் வேரியபிளில் மோத வழியில்லை. டேட்டாபேஸ், ஃபைல், போர்ட் (சர்வர் இணைப்புக்காகத் திறக்கும் எண்), ரெடிஸ் (நினைவகத்தில் தரவு வைக்கும் சேமிப்பு) என்று வெளியே இருக்கும் ஒன்றில்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் ரசீது எண். ‘டூப்ளிகேட் கீ’ பிழை, அதாவது ஏற்கெனவே இருக்கும் எண்ணை மறுபடி எழுதப் பார்ப்பது, அடிக்கடி வந்தது. (இந்த டெஸ்ட்கள் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் தட்டுபவை; எழுதுவது நிஜமாகவே டேட்டாபேஸில் பதிந்துவிடும்.) வொர்க்கருக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரித்துக் கொடுத்ததும் எல்லாம் பச்சையாகிவிட்டது. சரி, முடிந்தது என்று எல்லாரும் கிளம்பிவிட்டோம். டீமில் இருக்கும் சீனியர் அக்கா மட்டும் விடவில்லை. “ரசீது நம்பர் எங்கிருந்து வருது, அதை முதல்ல காட்டு” என்றார். பார்த்தால், டேபிளில் இருக்கும் பெரிய எண்ணை எடுத்து ஒன்று கூட்டுகிறது எங்கள் புரோகிராம். இரண்டு கொள்முதல் மையங்களில் ஒரே நொடியில் எடை போட்டால் இருவரும் அதே பெரிய எண்ணைப் படிப்பார்கள், அதே அடுத்த எண்ணை எழுதப் பார்ப்பார்கள். யூனிக் கட்டுப்பாடு ஒருவரைத் தடுக்கும். அவர் திரையில் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று வரும், மூட்டையோடு வரிசையில் நிற்பவர் முனகுவார். சாயங்காலம் எல்லா மையத்துக்கும் இலை வந்து சேரும் நேரத்தில் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. சப்போர்ட் டிக்கெட்களில் ‘நெட்வொர்க் கோளாறு’ என்று போட்டு மூடியிருந்தார்கள். மலையில் அந்தக் காரணத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்!

சீக்வென்ஸ் (டேட்டாபேஸே அடுத்த எண்ணைத் தரும் வசதி) போடலாமே என்பீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டிரான்சாக்ஷன் (மொத்தமாகப் பதியும் அல்லது மொத்தமாக ரத்தாகும் வேலை) ரோல்பேக், அதாவது ரத்து, ஆனாலும் சீக்வென்ஸ் பின்னால் வராது, நடுவில் எண் விட்டுப்போகும். ரசீதில் எண் விட்டுப்போனால் ஆடிட்டர் கேட்பார். அதனால் மையத்துக்கு ஒரு கவுண்ட்டர் வரி வைத்து, அதை லாக் செய்து, எண்ணை ஏற்றி, ரசீதையும் அதே டிரான்சாக்ஷனில் எழுதுகிறோம். அப்புறம் இரண்டு கனெக்ஷன் ஒரே சமயத்தில் ரசீது கேட்பது போல ஒரு டெஸ்டையும் வேண்டுமென்றே எழுதி வைத்தோம்.

உங்களுக்கு எங்கே இடித்தது?

குன்னூர், நோட் ஜேஎஸ்

எங்களுக்கு இவ்வளவு ஆழமில்லை அண்ணா, வெறும் போர்ட் சண்டை. ஜெஸ்ட் (ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவி) ஒரு ஃபைலுக்குள் இருப்பதை வரிசையாகத்தான் ஓட்டும், ஃபைல்களைத்தான் வொர்க்கர்களுக்குப் பிரிக்கும். எல்லா ஃபைலும் போர்ட் 3000-ஐத் திறக்கப் பார்த்தால் முதலில் வந்தவருக்கு மட்டும்தான் கிடைக்கும். போர்ட் 0 என்று கொடுத்தால் காலியாக இருக்கும் ஒன்றை ஆப்பரேட்டிங் சிஸ்டமே தந்துவிடும். எது கிடைத்தது என்று சர்வரிடம் கேட்டுக்கொள்ளலாம். காலி போர்ட்டை முன்கூட்டியே தேடித் தரும் லைப்ரரிகளை நான் நம்புவதில்லை. தேடியதற்கும் திறப்பதற்கும் நடுவே இன்னொரு வொர்க்கர் புகுந்துவிடும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று: கரண்ட் போனால் டெஸ்ட் விழும். லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் சிபியு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எட்டு வொர்க்கர்கள் அதில் அடித்துக்கொள்ளும்போது ‘அரை நொடி பொறு, பிறகு திரையைப் பார்’ என்று எழுதிய டெஸ்டுக்கு அரை நொடி போதவில்லை. “குன்னூரில் மழை பெய்தால் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது” என்று சொன்னேன். சென்னை டீம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துச் சிரித்தார்கள். நொடிக்கணக்கில் காத்திருப்பதை எடுத்துவிட்டு, வேண்டிய எழுத்து திரையில் வரும்வரை காத்திருக்கும்படி மாற்றியதும் நின்றது. 2014-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் அப்பாச்சி புராஜெக்ட்களில் இப்படி நிலையில்லாத டெஸ்ட்களைச் சரிசெய்த கமிட்களை (பதிவான புரோகிராம் மாற்றங்கள்) ஆராய்ந்தார்கள். அதிலும் முதலிடம் இந்தக் காத்திருப்புக் கோளாறுக்குத்தான், ஏறக்குறைய 45 சதவீதம்.

கூடலூர், கோலாங்

நான் சொல்லப்போவது தலைகீழ்க் கதை. பேரலலாக ஓடியதால் விழ வேண்டிய டெஸ்ட்கள் விழாமலே இருந்தன.

கோலாங் மொழியில், சோதிக்க வேண்டிய கேஸ்களை ஒரு பட்டியலாக எழுதி, லூப்பில் ஒவ்வொன்றையும் சப்-டெஸ்டாக விட்டு, உள்ளே டி.பேரலல் (மற்றவற்றோடு சேர்ந்து ஓடலாம் என்று சொல்வது) என்று அழைப்போம். அழைத்ததும் அந்தச் சப்-டெஸ்ட் நின்றுவிடும், லூப் முழுக்கச் சுற்றி முடிந்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து ஓடும். பழைய கோலாங்கில் லூப் வேரியபிள் எல்லாச் சுற்றுக்கும் ஒன்றே. ஆகவே ஓடத் தொடங்கும்போது எல்லாருடைய கையிலும் கடைசிக் கேஸ்தான் இருக்கும். பெயர் மட்டும் வேறு வேறாக வந்து, எல்லாம் பாஸ் என்று காட்டும். லூப்புக்குள் அந்த வேரியபிளை நகலெடுத்துக்கொள்ள ஒரு வரி எழுதினால் தப்பிக்கலாம். ஒரு ஃபைலில் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

2024 பிப்ரவரியில் வந்த கோலாங் 1.22-இல் சுற்றுக்கு ஒரு புது வேரியபிள் என்று மாற்றினார்கள். எந்த கோலாங் வெர்ஷன் என்று சொல்லும் கோ.மாட் ஃபைலில் 1.22 என்று ஏற்றிய அன்றைக்கே அந்த ஃபைலில் டெஸ்ட்கள் கொத்தாக விழுந்தன. புது வெர்ஷன் எதையோ உடைத்துவிட்டது, பழையதற்கே போகலாம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். உண்மையில் அந்தக் கேஸ்கள் அன்றுதான் முதன்முதலாக ஓடின.

இன்னொன்று, என்விரான்மென்ட் வேரியபிளை (புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) மாற்றும் டெஸ்டைப் பேரலல் ஆக்காதீர்கள். அது ப்ராசஸ் முழுவதற்கும் பொது. அதை மாற்ற டி.செட்என்வ் பயன்படுத்தினால் பேரலல் டெஸ்டில் பேனிக் ஆகி (பிழையோடு நின்று) அப்போதே சொல்லிவிடும். ஓஎஸ்.செட்என்வ் எதுவும் சொல்லாமல் பக்கத்து டெஸ்டைக் கெடுக்கும்.

ஊட்டி, ஜாங்கோ

எங்களுடையது காட்டேஜ் புக்கிங். மே மாத சீசன் ரேட்டைச் சோதிக்கும் டெஸ்ட்கள் எல்லாமே அறை 101-ஐத்தான் புக் செய்யும், பிறகு ‘மொத்தம் ஒரு புக்கிங் இருக்க வேண்டும்’ என்று எண்ணிப் பார்க்கும். ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் எழுதும் ஃபிரேம்வொர்க்) 1.9-இலிருந்தே பேரலலாக ஓட்டும்போது வொர்க்கருக்கு ஒரு டேட்டாபேஸ் நகல் எடுத்துக் கொடுக்கிறது என்பதால் டேபிள்களில் பிரச்சினை வரவில்லை. ரெடிஸில் வைத்திருக்கும் கேஷ் (வேகத்துக்காகத் தரவை நகலாக வைக்கும் இடம்) வழியாக வந்தது. ரெடிஸ் எல்லா வொர்க்கருக்கும் ஒன்றுதானே! ஒருவர் 101-ஐ நிரப்பினால் இன்னொருவருக்கு ‘அறை இல்லை’ என்று வரும். கேஷில் ஒவ்வொரு தரவுக்கும் வைக்கும் பெயரான கீ-க்கு முன்னால் வொர்க்கர் எண்ணைச் சேர்த்ததும் தீர்ந்தது. புது டெஸ்ட்களில் ‘மொத்தம் எத்தனை’ என்று எண்ணுவதையும் விட்டுவிட்டோம். நான் உருவாக்கிய புக்கிங் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

வொர்க்கர்களைக் கூட்டிக்கொண்டே போனால் போஸ்ட்கிரெஸ்ஸும் கையை விரிக்கும். கனெக்ஷன் வரம்பு மாற்றாமல் விட்டால் 100தான்.

அருவங்காடு, ஜாவாவும் பைத்தானும்

எல்லாம் சரி. எனக்கென்னவோ இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றுகிறது. தகராறு பண்ணுவது நாலைந்து டெஸ்ட்தான் என்றால் அவற்றை எக்ஸ்டிஸ்ட்டில் ஒரே குரூப்பாகப் போட்டுவிட்டு மற்றதை ஓட விடலாமே? அம்மா காபி கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கோத்தகிரி, பேக்எண்ட்

சார், குரூப் போட்டால் அந்த நாலைந்தும் ஒரே வொர்க்கரில் ஓடும், அவ்வளவுதான். தங்களுக்குள் மோதாது. ஆனால் அதே நேரத்தில் மற்ற வொர்க்கர்கள் சும்மா இருக்காது. உங்கள் டெஸ்ட் எல்லா வொர்க்கரும் பகிரும் ஒரு டேபிளையே ட்ரங்கேட் (முழுவதும் காலி) செய்வது என்றால், குரூப்பில் இருந்தாலும் பக்கத்து வொர்க்கரைக் கெடுக்கும். எக்ஸ்டிஸ்ட் டெஸ்ட்களைப் பங்கிடும் முறையான டிஸ்ட் மோடையும் லோட்குரூப் என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குரூப் குறியை அது கண்டுகொள்ளாது. எங்களிடமும் அப்படி மூன்று டெஸ்ட் மிச்சம் இருக்கின்றன, பழைய மாதக் கணக்கு இம்போர்ட் சம்பந்தப்பட்டவை. அவற்றுக்கு ஒரு மார்க்கர் (டெஸ்டில் போடும் அடையாளக் குறி) வைத்து, பேரலல் ஓட்டம் முடிந்த பிறகு எக்ஸ்டிஸ்ட் இல்லாமல் இரண்டாவது கமாண்டாக ஓட்டுகிறோம். மார்க்கர் பக்கத்தில் காரணத்தை எழுதாமல் யாரும் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று ரிவ்யூவில் அக்கா கறாராக இருக்கிறார்.