பாப்பாவின் எடை குறைந்துவிட்டது

கவிதா: சித்தி, பாப்பா பிறந்தபோது 3 கிலோ 100. இன்று காலை எடை போட்டார்கள், 2 கிலோ 880. மூன்றே நாளில் 220 கிராம் போய்விட்டது. எனக்குப் பால் ஊறவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

ராஜம் பெரியம்மா: பசியில்தான் அழுகிறாள். பாலாடையில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடு.

மல்லிகா சித்தி: வேண்டாம் அக்கா. தேனும் கூடாது.

மல்லிகா சித்தி: கவிதா, பயப்படாதே. பிரசவ வார்டில் இத்தனை வருடம் பார்த்துவிட்டேன், அநேகமாக எல்லாப் பிள்ளையும் முதல் மூன்று நாலு நாள் இளைத்துவிட்டுத்தான் ஏறும். உடம்பில் சேர்ந்த தண்ணீர் சிறுநீராகப் போகும், காட்டுப்பீ, அதாவது பிள்ளையின் முதல் மலம், கறுப்பாகப் போகும். சீம்பாலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அவள் வயிற்றுக்கு இப்போது அது போதும். உனக்கு ஆபரேஷனுக்கு முன் டிரிப்ஸ் ஏற்றினார்கள் அல்லவா? அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பிள்ளைக்கும் போயிருக்கும். பிறந்த எடையே சற்றுக் கூடுதலாகக் காட்டியிருக்கலாம்.

மல்லிகா சித்தி: 220 என்றால் 7 சதவீதம். 10 சதவீதத்தை, அதாவது 310 கிராமை நெருங்கினால்தான் கவலை.

குமார் மாமா: பவுடர் பால் வாங்கி வரட்டுமா?

மல்லிகா சித்தி: டாக்டர் சொன்னால் வாங்கலாம் அண்ணா. அவள் சப்பச் சப்பத்தான் பால் ஊறும். கவிதா, நேற்றிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாள்?

கவிதா: நாலு துணி நனைத்தாள். மலம் கரும்பச்சை.

மல்லிகா சித்தி: மூன்றாம் நாளுக்கு அது நல்ல கணக்கு. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு துணியாவது நனைய வேண்டும், மலமும் மஞ்சளாக வேண்டும். இரவு பகல் பார்க்காமல் 8 முதல் 12 தடவை பால் கொடு. தூங்கினால் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பு. எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், வாய் வறண்டால், உடம்பில் மஞ்சள் நிறம் கால் வரை பரவினால் உடனே டாக்டரிடம் காட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காதே. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒரு நாள் தள்ளிப்போவதுண்டு. அது உன் குறை அல்ல.

ராஜம் பெரியம்மா: என் பெரியவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுத்தார்கள், இதெல்லாம் அன்று யாரும் சொல்லவில்லை. சரி, ராத்திரி நான் துணைக்கு வருகிறேன். நீ கண்ணயர்ந்தாலும் நான் எழுப்பிவிடுகிறேன் கவிதா.

(மறுநாள்)

கவிதா: விடியற்காலையில் மார்பு கனத்துவிட்டது சித்தி. அவள் விழுங்கும் சத்தம் பெரியம்மாவுக்கே கேட்டது. எடை 2 கிலோ 885.

மல்லிகா சித்தி: எடை இறங்குவது நின்றுவிட்டது. பிறந்த எடைக்கு வர 10 முதல் 14 நாள் ஆகலாம். அதே தராசில், துணி இல்லாமல் போடச் சொல்.